ஒரே வீட்டுக்கு இரண்டு பத்திரம்

வயதானவர்களோடு பேசுவதற்குத்தான் கிரேஸுக்குச் சம்பளம். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் இருந்தாள். வாயைத் திறக்கவே பயப்படும் பெரியவர்களிடம் இரண்டு நிமிஷம் பேசி நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள். தமிழ், கன்னடம், இங்கிலீஷ், கொஞ்சம் உருது, அவரவருக்கு எது வருமோ அதில் பேசுவாள். கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொள்ள வந்த சுஹாஸ் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இதைப் பார்த்தான். அன்று தாடை வீங்கியிருந்ததால் அவனால் பேச முடியவில்லை. மறுநாள் போன் செய்து, டாக்டர் கொடுப்பதைப்போல இரண்டு மடங்கு தருகிறேன், வருகிறீர்களா என்று கேட்டான்.

சுஹாஸுக்கு முப்பத்திரண்டு வயது. அவன் கம்பெனி வைட்ஃபீல்டில் ஒரு பர்னிச்சர் கடையின் மாடியில் இருந்தது. வேலையில் சேர்ந்த அன்று அவன் அவளுக்குத் தொழிலை விளக்கினான். இந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் ஃபிளாட் வாங்கியவர்களில் பாதிப்பேர் ரிட்டையர் ஆனவர்கள். பிஎஃப் பணத்தைப் போட்டு, பிள்ளைகளின் ஆபீசுக்குப் பக்கமாகப் பார்த்து வாங்கினார்கள். இப்போது பிள்ளைகள் கெனடாவில், ஜெர்மனியில். பெரியவர்களுக்குக் கோடையில் டேங்கர் தண்ணீர், நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அதனால் ஒவ்வொரு ஜோடியாகக் கோயம்புத்தூர், மைசூர் என்று கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

"அவங்க போயிடுவாங்க, மேடம். ஃபிளாட் எங்கயும் போகாது," என்றான்.

அந்த வீடுகளைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். வாடகைக்கு ஆள் பிடிப்பது, குழாய் ரிப்பேர், அடுக்குமாடிச் சங்கத்துக்குக் கட்டவேண்டிய பணம் எல்லாம் கம்பெனி பொறுப்பு. மாதம் ஐந்தாம் தேதி வாடகை வங்கியில் விழும். சொந்தக்காரர் எங்கே இருந்தாலும் கவலையில்லாமல் இருக்கலாம். யார் கிளம்பப்போகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்வதும், அவர்களிடம் போய் உட்கார்ந்து பேசிக் கையெழுத்து வாங்குவதும் கிரேஸின் வேலை. முதல் வருஷத்திலேயே நாற்பது வீடுகள் பிடித்தாள். அந்தக் கமிஷனில்தான் மகளை நர்சிங் காலேஜில் சேர்த்தாள்.

சிவசங்கரன் வீடு அந்த வரிசையில் வந்த ஒன்று. பி பிளாக்கில் ஏழாவது மாடி, இரண்டு படுக்கையறை. சிவசங்கரன் மத்திய அரசு அலுவலகத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயது. எதையும் இரண்டு தடவை படித்துப் பார்க்கிற மனிதர். மனைவி மங்களத்துக்கு முட்டி வலி. மகன் யுவன் டொரான்டோவில். கோயம்புத்தூருக்கு வெளியே முதியவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் இடம் வாங்கியிருந்தார்கள். அங்கே மாதாமாதம் சாப்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் கட்ட வேண்டிய தொகைக்கு, இந்த வீட்டு வாடகையைத்தான் நம்பியிருந்தார்கள்.

ஒப்பந்தத்தை அவர் வரிவரியாகப் படித்தார். கம்பெனி யாருக்கு வேண்டுமானாலும், எந்த முறையில் வேண்டுமானாலும் வீட்டைக் கொடுக்கலாம் என்று ஆறாவது பக்கத்தில் இருந்தது. எந்த முறையில் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். எல்லா ஒப்பந்தத்திலும் வக்கீல்கள் எழுதுவதுதான் சார் என்றாள் கிரேஸ். அவளுக்கும் அவ்வளவுதான் தெரியும், அல்லது அதற்குமேல் தெரிந்துகொள்ள அவள் முயலவில்லை.

அவருக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. குடிவருகிறவர்கள் சைவமாக இருக்க வேண்டும். சின்னக் குடும்பமாக இருக்க வேண்டும். மங்களம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: பூஜை அலமாரி இருந்த சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கிரேஸ் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். மங்களம் அவளுக்குக் காபி கொடுத்து, மிச்சமிருந்த ஊறுகாய் ஜாடியையும் கையில் கொடுத்தனுப்பினாள்.

அவர்கள் கிளம்பிப் பத்து நாளில் கிரேஸ் மதியழகனைக் கூட்டி வந்தாள்.

மதியழகன் ஒரு ஐ.டி. வளாகத்தில் ஏசி மெக்கானிக். வீடு கோலார் தங்கவயலில். ஆறு வருஷமாக விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, வைட்ஃபீல்டில் இறங்கி, அதே வழியில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். மனைவி ரோஸிக்கும் வைட்ஃபீல்டிலேயே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை கிடைத்திருந்தது. அப்பா ஜெயவேலு சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் கீழே இறங்கியவர். சுரங்கம் மூடிய பிறகு கொஞ்ச வருஷம் நன்றாகத்தான் இருந்தார். இப்போது நுரையீரல் முழுக்கக் கல்தூசு. ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அவரால் ஒரு மணி நேரம் இருக்க முடியாது. பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு மாதம் இரண்டு தடவை கார் வைத்துக் கொண்டுவந்து கட்டுப்படியாகவில்லை.

சுஹாஸ் அவர்களுக்கு வீட்டை வாடகைக்குக் கொடுக்கவில்லை, லீசுக்குக் கொடுத்தான். ஊர்ப்பக்கம் போக்கியம் என்பார்களே, அது. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் வாடகை கிடையாது. மூன்று வருஷம் இருந்துவிட்டுக் கிளம்பும்போது கொடுத்த தொகையை முழுதாக வாங்கிக்கொண்டு போகலாம். பதினைந்து லட்சம். சுரங்கம் மூடியபோது ஜெயவேலுவுக்கு வந்த நஷ்டஈட்டை அவர் தொடாமல் வங்கியில் வைத்திருந்தார். அதோடு ரோஸியின் நகையும், மதியழகன் வாங்கிய கடனும் சேர்ந்து அந்தப் பதினைந்து ஆனது. மாதா மாதம் வாடகை இல்லையென்றால் அந்தப் பணத்தில் மருந்து வாங்கலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கிரேஸ் தங்கவயலுக்கு நேரில் போனாள். அவளுடைய தாத்தாவும் அங்கே ஊரிகாம் சுரங்கத்தில் வேலை செய்தவர்தான். அதைச் சொன்னதுமே ரோஸி அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஜெயவேலு கட்டிலில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு, அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"ஏம்மா, ஊட்டுக்காரர ஒரு தபா பாக்கணுமே," என்றார்.

கோயம்புத்தூரில் இருக்கிறார்கள், வயசானவர்கள், அலைய வைக்க வேண்டாம், எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றாள் கிரேஸ்.

"அதுக்கில்லம்மா. நாங்கோ கீழ எறங்கறப்போ, மேல கயிறு உடற இஞ்சின் டிரைவர் யாருன்னு பாத்துட்டுத்தான் கூண்டுல ஏறுவோம். அவன் கையிலதான உசுரு கீது."

மதியழகன் சிரித்தான். கிரேஸும் சிரித்தாள். கரண்ட் போனால் என்ன செய்வது என்று அவர் அடுத்துக் கேட்டார். பெரிய ஜெனரேட்டர் இருக்கிறது, ஒரு நொடியில் வந்துவிடும் என்று சொன்னாள். அது உண்மைதான்.

இரண்டு பத்திரத்திலும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டது அவள். கம்பெனிக்கும் சிவசங்கரனுக்கும் ஒன்று. கம்பெனிக்கும் மதியழகனுக்கும் ஒன்று. முதல் பத்திரத்தில் இருந்தது இரண்டாமவருக்குத் தெரியாது, இரண்டாம் பத்திரம் இருப்பதே முதலாமவருக்குத் தெரியாது. சிவசங்கரனிடம் போனில் பேசியபோது, புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், ஐ.டி.யில் வேலை, சைவம் என்று சொன்னாள். அடுக்குமாடிச் சங்கத்துக்குக் கொடுத்த படிவத்திலும் இரண்டு பேர் என்றே எழுதினாள், ஏனென்றால் அதன் நகல் அவருக்கும் போகும். ஜெயவேலுவை ஒரு வாரம் கழித்துக் காரில் கொண்டுவந்து படுக்கையறையில் படுக்க வைத்தார்கள். மெஷினை ஜன்னல் பக்கம் வைத்தார்கள். ஹாலில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் மாட்டினார்கள். பூஜை அலமாரிச் சுவரில் ஆணி அடிக்க வேண்டாம் என்று கிரேஸ் சொல்லியிருந்ததால், எதிர்ச் சுவரில் மாட்டினார்கள்.

பத்து மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதற்குள் கிரேஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புதிதாக லீசுக்கு வருகிறவர் கொடுக்கும் பணத்தில்தான் பழைய சொந்தக்காரர்களுக்கு வாடகை போகிறது. மீதி சுஹாஸின் வேறு எதற்கோ போகிறது. புதிய வீடு கிடைக்கும் வரைதான் இது ஓடும். நவம்பரில் ஒரு நாள் அவனிடம் நேராகவே கேட்டாள். இரண்டு மாதம் பொறுங்கள், ஒரு பெரிய முதலீட்டாளர் வருகிறார் என்றான். அவளும் பொறுத்தாள். அந்த இரண்டு மாதத்தில் இன்னும் மூன்று வீடுகளுக்குக் கையெழுத்து வாங்கிக்கொடுத்தாள். மகளின் இரண்டாம் வருஷத்துக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பின்னால் போலீசில் கேட்டபோது இதை அவள் மறைக்கவில்லை.

டிசம்பரில் வாடகை நின்றது. சொந்தக்காரர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். சாஃப்ட்வேர் மாற்றுகிறார்கள், வங்கியில் கோளாறு என்று ஒவ்வொருவரிடமும் ஒன்று சொன்னாள். மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. சுஹாஸின் இரண்டு நம்பரும் வேலை செய்யவில்லை. படிக்கட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அவள் ஆட்டோவை நிறுத்தாமல் அப்படியே போகச் சொன்னாள்.

கணவன் க்ளென் கம்பெனிகளுக்கு ஷட்டில் வண்டி ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆனேக்கல்லில் என் அக்கா வீட்டில் ஒரு மாதம் போய் இரு, போனை அணைத்துவிடு, எல்லாரும் சுஹாஸைத் தேடட்டும், உன்னை ஏன் தேட வேண்டும் என்றான். அன்று மதியமே அவளைக் கொண்டுபோய் விட்டான். பஸ்ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. கிரேஸ் போனை அணைத்துத் துணிப்பையின் அடியில் வைத்தாள். பகலில் நாத்தனாருக்குக் கீரை ஆய்ந்து கொடுத்தாள். யார் கதவைத் தட்டினாலும் உள்ளறைக்குப் போனாள். ஒன்பது நாள் அப்படி இருந்தாள்.

அந்த ஒன்பது நாளில் பி பிளாக்கில் நடந்ததை அவள் பிறகு ரோஸி சொல்லியும், சிவசங்கரன் சொல்லியும், போலீஸ் எழுதி வைத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டாள்.

பிப்ரவரியிலேயே மங்களம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்தும் சரியாகவில்லை. இரண்டாவது தடவை செய்ய வேண்டும் என்றார்கள். முதியோர் குடியிருப்பில் மூன்று மாதப் பாக்கி. யுவன் முடிந்ததை அனுப்பினான், அது போதவில்லை. சிவசங்கரன் வீட்டை விற்க முடிவுசெய்து, ஆன்லைனிலேயே ஒருவரைப் பிடித்து, முன்பணமும் வாங்கிவிட்டார். வாங்குகிறவர் சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலியாகக் காட்டவேண்டும், இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றார். அந்த முன்பணம் ஏற்கெனவே முதல் ஆபரேஷன் செலவுக்கே ஆஸ்பத்திரியில் கட்டியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மாலை அவர் தன் வீட்டுக் கதவைத் தட்டினார். ரோஸி திறந்தாள். வாடகை கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து வந்தவர் அவர். வாடகையா, நாங்கள் பதினைந்து லட்சம் கொடுத்து இருக்கிறோம் என்று அவர்கள் பத்திரத்தைக் காட்டினார்கள். அப்படி ஒரு பத்திரத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. சுஹாஸும் இவர்களும் சேர்ந்து போட்ட நாடகம் என்று நினைத்தார். இவரும் சுஹாஸும் சேர்ந்துதான் தங்களை ஏமாற்றுகிறார்கள் என்று மதியழகன் நினைத்தான். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கிரேஸ் தன்னிடம் சொன்னதில் ஒன்றுகூட உண்மையில்லை என்று அவருக்கு அப்போது தோன்றியது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் சொன்னதையும் அவர் நம்பத் தயாராக இல்லை.

உள்ளே மாமனார் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறார், இரைந்து பேசாதீர்கள் என்று ரோஸி சொன்னாள். அவர் படுக்கையறைப் பக்கம் போகப் பார்த்தார். மதியழகன் குறுக்கே நின்று, எங்கள் வீட்டுக்குள் நீங்கள் நுழையக் கூடாது என்றான். கதவு மூடியிருந்தது. உள்ளிருந்து ஒரு மோட்டார் ஓடும் சத்தம் வந்தது. ஏசி என்று நினைத்தார். என் காசில் ஏசி போட்டுக்கொண்டு நோயாளி என்று கதை சொல்கிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கீழே இறங்கினார்.

ஆனாலும் அவர் இரண்டு தடவை படித்துப் பார்க்கிற மனிதர் அல்லவா. கிரேஸைக் கூப்பிட்டார். மூன்று நாளில் பதினொரு தடவை கூப்பிட்டார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வக்கீலைப் பார்த்தார். காலி செய்ய வைக்க நான்கு வருஷமாவது ஆகும் என்றார் வக்கீல். வியாழக்கிழமை இரவு லாட்ஜில் உட்கார்ந்து கிரேஸுக்கு ஒரு செய்தி அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சங்கத்து மேனேஜரிடம் போய், மீட்டர் என் பெயரில் இருக்கிறது, மின்சாரத்தை நிறுத்துங்கள், அவர்களாகவே கிளம்புவார்கள் என்று எழுதிக்கொடுத்தார். வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று மேனேஜர் கேட்டார். படிவத்தை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் என்று இருந்தது. இரண்டு பேரும் வேலைக்குப் போயிருப்பார்கள் என்றார் சிவசங்கரன். எலெக்ட்ரீஷியன் கீழே மீட்டர் அறையில் மெயின் லைனையும் ஜெனரேட்டர் லைனையும் பிடுங்கினான். ஏழாவது மாடியில் ஒரு கிழவர் இருப்பது வாசல் செக்யூரிட்டிக்குத் தெரியும். அவனை யாரும் கேட்கவில்லை.

அவசரத்துக்கென்று ஒரு சின்ன சிலிண்டர் அடுக்களை பால்கனியில் இருந்தது. ஜெயவேலு அதுவரை நடந்து போயிருக்கிறார். வால்வைத் திறக்கும் சாவியையும் மாட்டியிருக்கிறார். திருப்புவதற்கு அவர் கையில் பலம் இல்லை. அவர் போன் கட்டிலிலேயே இருந்தது. நாலு மணிக்கு ரோஸி வந்தபோது அவர் பால்கனிக் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது.

புதன்கிழமை காலையில் கிரேஸ் போனைத் திறந்தாள். மகளுக்குத் தேர்வு முடிவு வரும் நாள், அதைக் கேட்பதற்காகத்தான். திறந்ததும் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. முதலில் சொந்தக்காரர்கள். பிறகு ரோஸி: "அக்கா, ஓனர் வந்து சண்டை போடறார், போன் எடுங்க." மறுபடி ரோஸி. மறுபடி. அப்புறம் வியாழக்கிழமை சிவசங்கரன் அனுப்பியது, நிறுத்தற்குறிகளோடு, முழு வாக்கியமாக: "கிரேஸ் அவர்களுக்கு, வீட்டில் உண்மையிலேயே நோயாளி யாராவது இருக்கிறாரா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், போதும்." வெள்ளிக்கிழமை மாலை ரோஸியின் கடைசிச் செய்தி: "மாமா போயிட்டார்."

அவள் அந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தாள். நாத்தனார் என்ன என்று கேட்டாள். கிரேஸ் போனை அவளிடம் நீட்டினாள். ஒரு வார்த்தை போதுமென்று அந்த மனிதர் கேட்டிருந்தார். அந்த வியாழக்கிழமை இரவு அவள் பக்கத்து அறையில், போனிலிருந்து நாலடி தூரத்தில், தூங்காமல் படுத்திருந்தாள். க்ளெனுக்குப் போன் செய்து, நான் வைட்ஃபீல்டுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். வேண்டாம் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. ஜெயவேலுவைத் தங்கவயலில் ஞாயிற்றுக்கிழமையே அடக்கம் செய்துவிட்டு, போலீஸ் கூப்பிட்டிருந்ததால் அவர்கள் திரும்பி வந்திருந்தார்கள். ரோஸி கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. மதியழகன் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்ப வந்து இன்னாக்கா பண்ணப் போறீங்கோ?" என்று கேட்டாள் ரோஸி.

கிரேஸ் தன்னிடம் இருந்த இரண்டு பத்திரங்களின் நகலையும் பையிலிருந்து எடுத்தாள். படிவத்தில் இரண்டு பேர் என்று எழுதியது தான்தான் என்றாள். ஓனரிடம் பொய் சொன்னதும் தான்தான், மாமா இங்கே இருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது என்றாள்.

"தெரியாதுன்னா? நான் சொன்னேனே, உள்ள படுத்துனு கீறாருன்னு. என் வாயால சொன்னேனே."

"நீ சொன்னத அவர் நம்பல ரோஸி. நான் அப்படிச் சொல்லி வெச்சிருந்தேன்."

ரோஸி ஓர் அடி முன்னால் வந்தாள். அடிப்பாளோ என்று கிரேஸ் நினைத்தாள். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். ரோஸி கதவை மெதுவாகச் சாத்தினாள்.

சிவசங்கரன் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போலீஸ் அவர்மேலும் மேனேஜர்மேலும் வழக்குப் போட்டு, ஜாமீனில் விட்டிருந்தது. ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு. லாட்ஜில் இருக்கப் பிடிக்காமல் தினமும் காலையில் இங்கே வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். மதியழகன் சனிக்கிழமை அவர் சட்டையைப் பிடித்தான். மேல் பித்தான் தெறித்ததும் விட்டுவிட்டான். அந்தச் சட்டையைத்தான் அன்றும் போட்டிருந்தார், மேல் பித்தான் இல்லாமல்.

"பதினோரு தடவை கூப்பிட்டேன்மா," என்றார்.

"தெரியும் சார்."

"ரெண்டு பேர்னு சொன்னீங்க."

"பொய் சார். எல்லாமே பொய்."

அவர் தலையை ஆட்டினார். "மங்களத்துக்கு இன்னும் சொல்லல. ஒரு மனுஷன் செத்துட்டான்னு அவகிட்ட எப்படிச் சொல்றது? நம்ம வீட்டுல, என் கையெழுத்துல," என்றார். வாருங்கள் சார் என்று கிரேஸ் அவரை எழுப்பினாள். இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

அங்கே அவள் ஐந்து மணி நேரம் வாக்குமூலம் கொடுத்தாள். நாற்பத்தெட்டு வீடுகளின் விவரமும், எந்த வீட்டுக்கு யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்பதும் அவளுக்கு மனப்பாடம். வக்கீல் இல்லாமல் இப்படிப் பேசினால் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள் என்று எழுதிக்கொண்டிருந்த பெண் கான்ஸ்டபிளே எச்சரித்தாள். கிரேஸ் நிறுத்தவில்லை. மோசடி வழக்கில் சுஹாஸ் முதல் குற்றவாளி, அவள் இரண்டாவது. பரப்பன அக்ரஹாரா சிறையில் நாற்பத்தேழு நாள் இருந்தாள். க்ளென் வாரம் ஒரு தடவை வந்து பார்த்தான். யாருக்காக இதைச் செய்தாய் என்று ஒரு தடவை கேட்டான், மறுபடி கேட்கவில்லை. மகள் ஒரு தடவைதான் வந்தாள். காலேஜில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கொடுத்த விவரத்தால் கம்பெனியின் இரண்டு வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள். அவற்றில் அநேகமாக ஒன்றும் இல்லை. சுஹாஸ் கிடைக்கவில்லை. துபாயில் இருக்கிறான் என்றார்கள். ஹைதராபாத்தில் வேறு பெயரில் இதே தொழிலைச் செய்கிறான் என்றும் சிலர் சொன்னார்கள்.

மங்களத்துக்கு இரண்டாவது ஆபரேஷன் நடக்கவில்லை. படுத்த படுக்கையாகவே இருந்தவள் ஜூலையில் நிமோனியா வந்து இறந்துபோனாள். சிவசங்கரன் கோர்ட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு போய்க் காரியம் செய்துவிட்டு வந்தார். அதற்குள் வழக்கில் மாட்டிய வீடுகளை மட்டும் தேடி வாங்குகிற ஆட்கள் வந்துவிட்டார்கள். பெரியவர்கள் கிளம்பிய வீடு, உள்ளே வெளியேறாத குடித்தனம், கோர்ட் வழக்கு என்றால் பாதி விலைக்குக் கிடைக்கும். குடியிருப்பவர்களுக்குக் கொஞ்சம் கொடுத்துக் கிளப்பிவிடலாம். வழக்கு முடிந்ததும் முழு விலைக்கு விற்கலாம். அப்படி ஒருவர் சிவசங்கரனிடம் வந்தார். விலை அடிமாட்டு விலைதான். மதியழகன் குடும்பத்துக்கு ஆறு லட்சம் கொடுத்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சிவசங்கரன் பிடிவாதமாக இருந்தார். வாங்குகிறவர் நாலு லட்சத்துக்குத்தான் ஒத்துக்கொண்டார். மீதி இரண்டைத் தன் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளச் சொன்னார் சிவசங்கரன். இதை அவர் மதியழகனிடம் சொல்லவில்லை, வக்கீல்தான் சொன்னார். மதியழகன் பணத்தை வாங்கிக்கொண்டான். நன்றி என்று சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். மறுபடியும் தங்கவயலுக்கு, மறுபடியும் விடியற்காலை ரயில். ஜாமீனில் வந்திருந்த கிரேஸ் விஷயம் தெரிந்து காலையிலேயே அங்கே போனாள். சாட்சிகளிடம் பேசக் கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. அவள் பேசவில்லை, ஏழாவது மாடி நடையில் போய் நின்றாள். ரோஸி ஒரு பாத்திர மூட்டையோடு வெளியே வந்தாள். கிரேஸ் கையை நீட்டினாள். ரோஸி மூட்டையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனாள்.

பின்னால் மதியழகனும் அவன் நண்பனும் கட்டிலைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லிஃப்ட் கதவு மூடப்பார்த்தது. இரண்டு கையிலும் சுமை.

"அந்தப் பட்டன அமுக்கிப் புடிங்கோ," என்றான் மதியழகன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கிரேஸ் போய்ப் பிடித்தாள். கட்டில் சட்டங்கள் உள்ளே போயின, மெத்தை போயிற்று, துணிமணி, குக்கர், அரிசி டப்பா. ஒவ்வொரு தடவை லிஃப்ட் மேலே வந்தபோதும் அவள் பட்டனை அழுத்திக்கொண்டு நின்றாள். வீடு காலியாக இரண்டு மணி நேரம் ஆயிற்று.